கடுக்காயா, கெமிக்கலா? கொல்லிமலையும் சொத்தைப் பல்லும்

கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் அன்னாசியும் பலாவும் மலைவாழையும் குவிந்து கிடக்கும். நடுநடுவே கோணியை விரித்து முடவாட்டுக்கால் கிழங்கையும் கடுக்காயையும் பரப்பியிருப்பார்கள். கீழ்நாட்டிலிருந்து வரும் சுற்றுலாப் பயணி கிழங்கைப் புரட்டிப் பார்த்து, சூப் எப்படி வைப்பது என்று கேட்பார். கடுக்காயைக் கண்டதும் பாட்டி இடித்த பல்பொடி ஞாபகம் வந்துவிடும். கால் கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இனி கெமிக்கல் மவுத்வாஷ் வேண்டாம் என்று மனதுக்குள் முடிவும் செய்துவிடுவார். அவர் மலையிறங்கும் அதே நேரத்தில், பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு மலைப்பிள்ளைகள் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

மூலிகை மவுத்வாஷ் நல்லதா, ரசாயன மவுத்வாஷ் நல்லதா என்ற விவாதம் நகரத்து வீடுகளில் நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம், பாட்டன் பூட்டன் காலத்து வைத்தியம் பொய்யாகுமா என்ற கேள்வி. மறுபக்கம், ஆய்வில் நிரூபிக்காத எதையும் வாயில் வைக்காதே என்ற எச்சரிக்கை. இரண்டு பக்கமும் ஒன்றை மறந்துவிடுகின்றன. ஈறு வீங்குவது வேறு, வாய் நாறுவது வேறு, பல் சொத்தையாவது வேறு. மூன்றுக்கும் ஒரே பாட்டிலில் பதில் தேடுவதால்தான் குழப்பம். சொத்தையைத் தடுப்பது எது என்று மட்டும் கேட்டால், இத்தனை ஆண்டு ஆய்வுகள் ஓரளவு தெளிவான பதிலைத் தருகின்றன. அந்தப் பதில் மூலிகைக் கட்சிக்கும் பிடிக்காது, கெமிக்கல் கட்சியில் பாதிப்பேருக்கும் பிடிக்காது.

பல் புழு என்ற நம்பிக்கை

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் மலைக்கு வர வேண்டும். மேலே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. தமிழ் பேசுபவர்கள், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள். சித்தர்கள் தங்கிய மலை என்ற பெயரும் இதற்கு உண்டு. நள்ளிரவில் பல் வலித்தால் வளைவுகளில் இறங்கி டாக்டரைத் தேட முடியாத ஊரில், கைக்கெட்டிய செடிதான் முதல் மருந்தாக இருந்திருக்கும். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்கள் முழுவதுமே இந்த வைத்தியத்தை அறிந்தவைதான். வேப்பங்குச்சி, ஆலம் விழுது, நாயுருவி வேர் ஆகியவை பல் துலக்க. கடுக்காய்த் தூளும் உப்பும் ஈறு இறுக. கிராம்பு, வலித்த பல்லில் வைத்துக் கடித்துக்கொள்ள. கண்டங்கத்திரிப் பழத்தின் விதையை நெருப்பிலிட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்தால் பல்லுக்குள் இருக்கும் புழு செத்து விழும் என்ற நம்பிக்கை இன்றும் பல ஊர்களில் உண்டு.

பல்லுக்குள் புழு கிடையாது. அங்கே நடப்பது வேறு. வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் முதலான பாக்டீரியாக்கள், பல்லின் மேல் வழவழப்பான ஒரு படலமாக ஒட்டிக்கொள்கின்றன. பல் டாக்டர்கள் பிளேக் என்பது அதைத்தான். நாம் தின்னும் சர்க்கரையை அவை தின்று அமிலத்தை வெளியேற்றுகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கியதும், பல்லின் மேல் ஓடான எனாமல் தன் சுண்ணாம்புச் சத்தையும் பாஸ்பேட்டையும் இழக்கத் தொடங்கும். அரைமணி நேரத்திலோ சற்றுக் கூடுதலாகவோ உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்ததில் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுக்கும். நாளுக்கு மூன்று முறை மட்டும் இப்படி நடந்தால் பல் தாக்குப்பிடிக்கும். பத்து முறை சாக்லேட்டும் பிஸ்கட்டும் இனிப்பு டீயும் போனால் உமிழ்நீருக்கு அவகாசமே இல்லை. முதலில் சுண்ணாம்பு பூசியது போல் ஒரு வெள்ளைத் திட்டு தோன்றும். பிறகு குழி விழும்.

வெள்ளைத் திட்டாக இருக்கும்வரை பல்லைத் திருப்பிக் கொண்டுவர முடியும். குழி விழுந்துவிட்டால் மூலிகையாலும் முடியாது, கெமிக்கலாலும் முடியாது, அடைக்கத்தான் வேண்டும். இந்தக் கட்டுரையில் வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான்.

இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில், 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதம் பேருக்கும், 12 வயதில் 53.8 சதவீதம் பேருக்கும், 15 வயதில் 63.1 சதவீதம் பேருக்கும் சொத்தைப் பல் இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை, உலகில் 200 கோடிப் பேருக்கு நிரந்தரப் பற்களில் சொத்தை இருப்பதாகவும், 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பால்பற்கள் சொத்தையாகியிருப்பதாகவும் மதிப்பிட்டது. மலையும் சமவெளியும் சேர்ந்தே இந்தக் கணக்கில் வருகின்றன.

கடுக்காய்க்குக் கிடைத்த சோதனை

கடுக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தால், மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், நீளவாக்கில் விளிம்புகள் ஓடும் ஒரு கட்டைக் காய். கல்லில் வைத்துத் தட்டினால் கடினமான கொட்டை தனியே வரும். சித்த வைத்தியர்கள் அந்தக் கொட்டையை எறிந்துவிட்டுத் தோலை மட்டுமே எடுப்பார்கள். தோலில் ஒரு துண்டை வாயில் அடக்கினால், முதலில் நாக்கு இழுத்துப் பிடிக்கும். கன்னத்தின் உள்பக்கம் சுருங்குவது போலிருக்கும். அதன் பிறகு தண்ணீர் குடித்தால் தித்திக்கும்.

நாக்கை இழுத்துப் பிடிப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருள். தோல் பதனிடும் தொழிற்சாலைகள் காலங்காலமாகக் கடுக்காயை வாங்கியதும் இதற்காகத்தான். புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அதை இறுக்குவது டானினின் குணம். பதனிடும் தொட்டியில் மாட்டுத் தோலை அது இறுக்குகிறது. வாயில், பாக்டீரியாக்கள் பல்லில் ஒட்டுவதற்கு உதவும் புரதங்களின் வேலையைக் கெடுக்கிறது. பரிசோதனைக் கூடத்தில் கடுக்காய்ச் சாறு மியூட்டன்ஸ் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்ததைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆனால் கண்ணாடித் தட்டில் பாக்டீரியா சாவது ஒன்று, பள்ளிப் பிள்ளையின் வாயில் சொத்தை குறைவது வேறொன்று.

அந்த இரண்டாவது கேள்வியை நேரடியாகக் கேட்ட இந்திய ஆய்வு ஒன்று உண்டு. குழந்தைகள் பல் மருத்துவர் சோபா டாண்டன் தலைமையிலான குழு 8 முதல் 12 வயது வரையான 1,501 மாணவர்களிடம் அதை நடத்தி, 2010-இல் ஆயுர்வேத ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டது. கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலாவை 10 சதவீதக் கரைசலாகச் செய்து சில பிள்ளைகளைக் கொப்பளிக்க வைத்தார்கள். வேறு சிலருக்கு 0.1 சதவீத குளோர்ஹெக்சிடின். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது சொத்தையின் எண்ணிக்கை குறிப்பிடும்படி கூடவில்லை. திரிபலாவுக்கும் குளோர்ஹெக்சிடினுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசமும் இல்லை என்று முடிவு வந்தது.

மூலிகைக் கட்சிக்கு இது வெற்றிச் செய்தியாகத் தோன்றும். 1,501 பிள்ளைகள் என்பது சின்ன எண்ணிக்கையும் இல்லை. வீட்டு வைத்தியம் என்று ஒதுக்கித் தள்ளிய ஒன்றை இவ்வளவு பெரிய அளவில் சோதித்ததற்கே அந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும். ஆனால் நிதானமாகப் படிக்க வேண்டும். வெள்ளைத் திட்டு குழியாக மாறுவதற்கு ஓராண்டு, ஈராண்டு, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒன்பது மாதத்தில் சொத்தை கூடவில்லை என்றால் அது மருந்தின் வேலையா, காலம் போதாததா என்று பிரித்துச் சொல்வது கடினம். இன்னொன்று: திரிபலாவை ஒப்பிட்டது குளோர்ஹெக்சிடினோடு. அந்தக் குளோர்ஹெக்சிடினே சொத்தையைத் தடுப்பதில் பெயர் வாங்கிய மருந்தா?

ரசாயனத்தின் நட்சத்திரம்

இங்கிலாந்தில் 1950-களில் ஐ.சி.ஐ. நிறுவனம் உருவாக்கிய கிருமிநாசினி குளோர்ஹெக்சிடின். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்டு லோவும் ரின்டம் ஷியோட்டும் 1970-இல் வெளியிட்ட ஆய்வு அதைப் பல் மருத்துவத்தின் நட்சத்திரமாக்கியது. பல்லே துலக்காமல், 0.2 சதவீதக் கரைசல் 10 மில்லியை நாளுக்கு இரண்டு தடவை கொப்பளித்தாலே பிளேக் படியவில்லை, ஈறும் வீங்கவில்லை. அதன் மூலக்கூறுகள் நேர்மின்னூட்டம் கொண்டவை. பல்லிலும் கன்னத்தின் உள்தோலிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் மெல்ல மெல்லக் கசிந்து வேலை செய்கின்றன.

ஈறு வீக்கத்துக்கும் பிளேக்குக்கும் அது நன்றாக வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. காக்ரேன் அமைப்பு 2017-இல் 51 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து இதை உறுதி செய்தது. அதே அறிக்கை பல்லில் படியும் பழுப்புக் கறையையும் பதிவு செய்தது. நாக்கில் ருசி மாறுவது, காரை கூடுதலாகப் படிவது ஆகிய தொல்லைகளும் உண்டு. அதனால்தான் பல் டாக்டர்கள் ஈறு அறுவைக்குப் பிறகோ, பல் துலக்க முடியாத நோயாளிக்கோ, குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருகிறார்கள்.

சொத்தைக்கு? அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் நிபுணர் குழு 2011-இல் இதை ஆராய்ந்து, சொத்தையைத் தடுப்பதற்காக குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷைப் பரிந்துரைக்கவில்லை. ஈறுக்கான மருந்தை மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கி, பிள்ளையின் சொத்தைக்கு மாதக்கணக்கில் கொடுக்கும் பெற்றோர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல்லும் கறையாகும், சொத்தையும் நிற்காது.

ஆக, திரிபலா குளோர்ஹெக்சிடினுக்குச் சமம் என்றால், ஈறு விஷயத்தில் அது பெரிய பாராட்டு. சொத்தை விஷயத்தில் அவ்வளவு பெரிய பாராட்டு என்று சொல்வதற்கில்லை.

இரண்டு பாட்டில், ஒரே சரக்கு

கடைத் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பாட்டில்களின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் இந்தச் சண்டையின் பாதி கரைந்துவிடும். ஒன்று லிஸ்டரின், உலகறிந்த கெமிக்கல் மவுத்வாஷ். 1879-இல் அமெரிக்காவில் ஜோசப் லாரன்ஸ் உருவாக்கியது. அதன் பழைய வாய்ப்பாட்டில் நான்கு எண்ணெய்ச் சரக்குகள்: யூகலிப்டால், மென்தால், தைமால், மெத்தில் சாலிசிலேட். யூகலிப்டால் என்பது நம் ஊட்டி நீலகிரித் தைலத்தில் இருப்பது. மென்தால் புதினாவில் இருப்பது. தைமால், குழந்தைக்கு வயிறு உப்பினால் காய்ச்சித் தரும் ஓமத்தின் வாசனை. மெத்தில் சாலிசிலேட், சுளுக்குக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடி. நீலகிரியில் வளரும் ஒரு செடியின் இலையிலிருந்தும் அது கிடைக்கும்.

இன்னொன்று ஹிமாலயா நிறுவனத்தின் ஹியோரா, மூலிகை மவுத்வாஷ். அதில் பீலு என்னும் உகா மரம், வெற்றிலை, தான்றிக்காய், ஏலக்காய் இருக்கின்றன. கூடவே கந்தபூரா தைலம், புதினா சத்து, ஓம சத்து. கந்தபூரா தைலம் மெத்தில் சாலிசிலேட்டேதான். புதினா சத்து மென்தால். ஓம சத்து தைமால். ஒரு பாட்டிலில் ரசாயனப் பெயரோடு நிற்பவை, மற்றதில் மூலிகைப் பெயரோடு நிற்கின்றன.

இதைச் சொல்வது எந்த நிறுவனத்தையும் குறை கூற அல்ல. இரண்டுமே வாய்க்குப் புத்துணர்ச்சி தரும். பிளேக்கையும் ஓரளவு குறைக்கும். வேறுபாடுகளும் உண்டு: லிஸ்டரினின் பழைய வகையில் ஆல்கஹால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், எரியும், குழந்தைகளுக்கு ஆகாது. ஆல்கஹால் இல்லாத வகைகளும் இப்போது வந்துவிட்டன. ஆனால் மூலிகை என்றால் ரசாயனம் இல்லை, ரசாயனம் என்றால் மூலிகை இல்லை என்று கோடு போடுவதற்கு அடிப்படை இல்லை. கடுக்காயின் டானினும் ரசாயனம்தான். அது எங்கே பிறந்தது என்பதைவிட, எவ்வளவு, எதற்கு, எத்தனை நாள் என்பதே பல்லுக்கு முக்கியம்.

சொத்தைக்கு ஆதாரம் உள்ள ஒன்று

சொத்தையைத் தடுப்பதற்கு வலுவான ஆதாரம் கொண்ட கொப்பளிப்பு மருந்து ஃபுளோரைடு. காக்ரேன் அமைப்பு 2016-இல் 37 ஆய்வுகளை அலசியது. குழந்தைகளும் வளரிளம் பருவத்தினருமாக 15,000-க்கும் மேற்பட்டவர்கள் அவற்றில் பங்கேற்றிருந்தார்கள். அந்த ஆய்வுகள் குறைந்தது ஓராண்டு நீடித்தவை; பெரும்பாலானவை பள்ளிக்கூடங்களில், ஆசிரியரோ செவிலியரோ பார்த்திருக்க நடந்தவை. நிரந்தரப் பற்களின் பரப்புகளில் சொத்தை சராசரியாக 27 சதவீதம் குறைந்தது.

ஃபுளோரைடு பாக்டீரியாவைக் கொல்வதை நம்பி வேலை செய்வதில்லை. இழந்த சுண்ணாம்புச் சத்து பல்லுக்குத் திரும்பும்போது அதனோடு சேர்ந்துகொண்டு, முன்னைவிட அமிலத்துக்கு அசையாத ஓட்டை உருவாக்குகிறது. 5.5-இல் கரையத் தொடங்கும் எனாமல், ஃபுளோரைடு ஏறிய பிறகு ஏறத்தாழ 4.5 வரை தாங்கும்.

நடைமுறையும் எளிது. தினமும் கொப்பளிக்க 0.05 சதவீத சோடியம் ஃபுளோரைடு. வாரம் ஒருமுறை என்றால் 0.2 சதவீதம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம். பிள்ளைக்கு 10 மில்லி வீதம் 100 பிள்ளைகளுக்குப் போதும். ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், விழுங்கக் கூடாது. அதனால்தான் துப்பத் தெரியாத 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது வேண்டாம் என்கிறார்கள். அளந்து கலக்கும் வேலையும் சுகாதாரத் துறையின் கையில் இருக்க வேண்டும். வீட்டில் செய்து பார்க்கும் விஷயம் இல்லை இது.

சேலம், தருமபுரி பக்கத்து வாசகருக்கு இந்த இடத்தில் ஒரு நெருடல் வரும். ஃபுளோரைடு என்றாலே அங்கே நினைவுக்கு வருவது பழுப்புத் திட்டு விழுந்த பற்களும், வளைந்த கால்களும்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் அளவு மீறிய ஃபுளோரைடு தலைமுறைகளைப் பாதித்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-இல் அது செயல்பாட்டுக்கு வந்தது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது ஆண்டுக்கணக்கில் குடித்து உடம்புக்குள் போன ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் குடிநீரில் இருக்கக் கூடாது என்பது விதி. பற்பசையிலும் கொப்பளிப்பு மருந்திலும் உள்ளது பல்லின் மேல்பட்டு வெளியே துப்பப்படுவது. எந்த ஊரில் பள்ளித் திட்டம் தொடங்கினாலும், முதலில் அந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்துவிட்டே தொடங்க வேண்டும். நாமக்கல் மாவட்டத்தின் மலைக்கும் சமவெளிக்கும் ஒரே கணக்கைப் போட முடியாது.

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு பார்வை

நல்லெண்ணெய் கொப்பளிப்பதைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் இந்த விஷயம் முடியாது. அதை முறையாகச் சோதித்தவர்களில் முக்கியமானவர் குழந்தைகள் பல் மருத்துவர் ஷரத் அசோகன். சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியில் அவரும் சக ஆய்வாளர்களும் வளரிளம் பருவச் சிறுவர்கள் 20 பேரிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. ஒரு பிரிவு நல்லெண்ணெய், ஒரு பிரிவு குளோர்ஹெக்சிடின். இரண்டு வாரத்தில் மியூட்டன்ஸ் பாக்டீரியாவின் எண்ணிக்கை இரு பிரிவிலும் குறைந்தது. அசோகன் பின்னர் பணியாற்றிய கே.எஸ்.ஆர். பல் மருத்துவக் கல்லூரி, கொல்லிமலை இருக்கும் அதே நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோட்டில் உள்ளது. பழங்குடி, புறநகர், நகரப் பள்ளிக் குழந்தைகளின் சொத்தையை ஒப்பிட்டு 2015-இல் ஆய்வு வெளியிட்டவர்களிலும் அவர் ஒருவர்.

20 பேர், இரண்டு வாரம் என்பது தொடக்கம்தான். எண்ணெய் கொப்பளித்தால் சொத்தை குறையும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அந்த ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. நல்லெண்ணெய் விளம்பரங்களும் வாட்ஸ்அப் செய்திகளும்தான் பாதி உடம்பு நோயையே அது தீர்க்கும் என்றன.

மூலிகைப் பக்கத்தில் கவனிக்க வேண்டிய ஆபத்துகளும் உண்டு. வீட்டில் காய்ச்சிய கஷாயம் ஒரே நாளில் கெட ஆரம்பித்துவிடும். நெல்லிக்காய் சேர்ந்த திரிபலாத் தண்ணீர் புளிப்பானது. அதை வாயில் நீண்ட நேரம் அடக்கிவைப்பது எனாமலுக்கு நல்லதில்லை. உமிக்கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்தே குறைத்துவிடும். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-லேயே தடை செய்தது. அப்படியும் பெயர் தெரியாத பொடி விற்றால் வாங்காமல் இருப்பதே நல்லது. இவை எல்லாவற்றையும்விட பெரிய இழப்பு, மூலிகை என்ற பெயருக்காக ஃபுளோரைடு இல்லாத பற்பசைக்கு மாறுவது. இந்தியாவில் விற்கும் மூலிகைப் பற்பசைகளில் பலவற்றில் ஃபுளோரைடு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சாமையிலிருந்து பிஸ்கட்டுக்கு

கொல்லிமலையின் பழைய சாப்பாடு சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி விளைவிக்கத் தொடங்கியதும், ரேஷன் அரிசி மலையேறியதும் அந்தப் பயிர்கள் சுருங்கின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டு வருகிறது. பல்லைக் கெடுப்பது அரிசிச் சோறு அல்ல. சாலையோடு சேர்ந்து மேலே வந்த பாக்கெட் தீனிதான். சுத்தமான மலைக்காற்றும் சுற்றிலும் மூலிகையும் இருந்தாலும், இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவே நாலு தடவை இனிப்பு போகும் வாயில் சொத்தை வராமல் இருக்காது. நாள் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே சேர்க்கைச் சர்க்கரை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்றும் சொன்னது.

குழி விழுந்த பிள்ளைக்கும் மலையிலேயே செய்யக்கூடிய மருத்துவம் இருக்கிறது. சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற சொட்டு மருந்தைக் குழியில் தடவினால் பெரும்பாலும் சொத்தை அங்கேயே நின்றுவிடும். அந்த இடம் கறுத்துப்போகும், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கண்ணாடி அயனோமர் சிமெண்டைக் கைக்கருவியால் அடைக்கும் முறைக்கு மின்சாரமோ டிரில்லோ தேவையில்லை. இரண்டுமே 2021 அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரமத்தின் பட்டியலில் சொத்தைப் பல்லும் உண்டு. கண்டுபிடித்த சொத்தைக்குப் பிள்ளையை மலையிறக்கிச் சிகிச்சை பெறுவதற்குள் கூலி நாள் ஒன்று போய்விடுகிறது. சிகிச்சை மலையேறுவதே முறை.

கடுக்காயையும் விட்டுவிடக் கூடாது. இந்த மலையின் மரத்திலிருந்து, இந்த மக்கள் பொறுக்கித் தரும் காய் அது. நாமக்கல்லில் 2022-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருச்செங்கோட்டில் இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ஃபுளோரைடு பற்பசையோடு கடுக்காய்க் கொப்பளிப்பையும் சேர்த்தால் சொத்தை கூடுதலாகக் குறைகிறதா என்று ஈராண்டு காலம் சோதிக்க இவர்களால் முடியும். ஈறுக்கு நல்லது என்ற இடத்திலிருந்து சொத்தைக்கும் நல்லதா என்ற இடத்துக்குக் கடுக்காய் நகர வேண்டுமானால் அந்தச் சோதனை தேவை. அதிலிருந்து ஒரு பொருள் பிறந்து சந்தைக்குப் போனால், 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் சொல்லும் பங்கு மலைமக்களுக்குச் சேர வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். காலையும் இரவும் ஃபுளோரைடு உள்ள பற்பசையால் துலக்குங்கள். நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் வாயை அலசாமல் விடுங்கள். மவுத்வாஷ் பிடித்திருந்தால் துலக்கிய உடனே வேண்டாம், வேறு நேரத்தில் பயன்படுத்துங்கள். கடுக்காய்த் தண்ணீரால் ஈறுக்கு இதமாக இருந்தால் அன்றன்று காய்ச்சிக் கொப்பளியுங்கள், பிறகு வெறும் தண்ணீரால் வாயைக் கழுவிவிடுங்கள். பிள்ளைக்கு இனிப்பு வேண்டுமென்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள். பல்லில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் வலி வரும்வரை காத்திராமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாமக்கல் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். கொல்லிமலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில், தண்ணீரைச் சோதித்த பிறகு, வாரம் ஒருநாள் ஃபுளோரைடு கொப்பளிப்பைத் தொடங்குங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் பருவத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரை மலைக்கு அனுப்புங்கள்.